விறகுக்குப் போக இருந்த மரத்தில் ஒரு வளைவுப் பாலம்

எங்கள் கொல்லைக்கு வருகிறவர்கள் முதலில் நெல்லைப் பற்றிக் கேட்பதில்லை, மாட்டைப் பற்றியும் கேட்பதில்லை. குட்டையின் மேல் இருக்கும் மரப்பாலத்தில் ஏறி நின்று, கைப்பிடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இதை எங்கே செய்து வாங்கினீங்க? எவ்வளவு ஆச்சு?” என்பார்கள். செய்தது உள்ளூர் ஆசாரி, மரம் எங்கள் கொல்லையிலேயே விழுந்தது, மொத்தச் செலவு 21,000 ரூபாய் என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. அளவுகளோடு எழுதியிருக்கிறேன். வீட்டுக்கும் கழனிக்கும் நடுவே குட்டையோ வாய்க்காலோ ஓடும் யாருக்கும் இது பயன்படும்.

குட்டைக்கு அந்தப் பக்கம் மாட்டுக்கொட்டாய்

சிங்கப்பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் ஏரியை நம்பியவை. மதுராந்தகம், கொளவாய் போன்ற பெரிய ஏரிகள் முதல் பெயர் தெரியாத தாங்கல் வரை, செங்கல்பட்டு மாவட்டத்தில் எங்கே திரும்பினாலும் ஒரு நீர்நிலை இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையைப் பிடித்து வைத்தால்தான் மாசி, பங்குனியில் செடிக்கு ஊற்ற முடியும். எங்கள் இரண்டு ஏக்கரில் பள்ளமான இடத்தில் ஒரு குட்டை இருக்கிறது. 60 அடி நீளம், 35 அடி அகலம், ஆறடி ஆழம். வரத்து வாய்க்கால் வந்து சேரும் மூலையில் மட்டும் குறுகி, தண்ணீர் எட்டடி அகலத்தில் நிற்கும்.

வீடு இந்தக் கரையில் இருக்கிறது, மாட்டுக்கொட்டாய் அந்தக் கரையில். வரப்பைச் சுற்றிப் போனால் இருநூறு தப்படி. மழைக்காலத்தில் அந்த வரப்பு முழங்கால் சேறு. அதனால் குறுகிய இடத்தில் பனை மரத்தைப் பிளந்து குறுக்கே போட்டு நடப்பதுதான் வழக்கம். 2015 வெள்ளத்தில் பழைய பனை போய்விட்டது. அடுத்துப் போட்ட பனையில் 2017 ஐப்பசி மழையில் பாசி பிடித்திருந்தது. பால் கேனோடு வந்த என் மாமியார் அதில் வழுக்கி விழுந்தார். தண்ணீர் இடுப்பளவுதான், ஆனால் மணிக்கட்டு முறிந்தது. அப்போது அவருக்கு 68 வயது.

ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார்கள். அந்த ஆறு வாரமும் வீட்டில் ஒரே பேச்சு, மூன்று மாட்டையும் விற்றுவிடலாம் என்பதுதான். சொசைட்டிக்கு ஊற்றுகிற பால் பணத்தில்தான் மளிகைக் கடன் அடைகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வயதானவரை மறுபடி அந்தப் பனையில் நடக்கவிட யாருக்கும் மனம் வரவில்லை. அத்தை மட்டும், “மாட்டை வித்துட்டா காலையில எழுந்து நான் எங்க போறது?” என்று கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. மாடு இருக்க வேண்டுமானால் பாலம் வேண்டும் என்று அன்றைக்கு முடிவானது.

இரும்பில் செய்யக் கேட்டோம், 55,000 ரூபாய் சொன்னார்கள். சிமெண்ட் பலகை போடலாம் என்றால், கொல்லைக்குள் ஜல்லி வண்டி வர வழியில்லை. அப்போதுதான் கொட்டாய் ஓரம் அடுக்கி வைத்திருந்த மரம் நினைவுக்கு வந்தது.

வர்தா தள்ளிய மரம்

2016 டிசம்பர் 12-ஆம் தேதி கரை கடந்த வர்தா புயலை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. சென்னையிலிருந்து செங்கல்பட்டு வரை சாலை ஓரமெல்லாம் மரம் சாய்ந்து கிடந்தது. எங்கள் கொல்லையில் ஒரு முதிர்ந்த வேம்பும், வாய்க்கால் ஓரத்துப் பூவரசு இரண்டும் வேரோடு விழுந்தன. மர வியாபாரி வந்து பார்த்துவிட்டு விறகு விலைதான் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. எல்லாம் கோணல், எட்டடிக்கு நேராக ஒரு துண்டுகூட இல்லை. நாங்கள் கொடுக்கவில்லை. அறுவை மில்லில் கொடுத்து ஒன்றரை அங்குலப் பலகையாக அறுத்து, நடுவில் குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி, மேலே ஓலை போட்டுவிட்டோம். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் காய வேண்டும் என்பது தச்சர்கள் கணக்கு. 2018 ஆனி மாதம் பாலம் செய்யத் தொடங்கியபோது மரம் ஒன்றரை வருஷம் காய்ந்திருந்தது.

ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவருடைய தகப்பனார் காலம் முதல் வண்டிச் சக்கரம் செய்த குடும்பம். இப்போது கட்டை வண்டி யாரிடம் இருக்கிறது? மறைமலை நகர் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலை வந்த பிறகு கழனி மனையானது, மாடு குறைந்தது, சக்கரம் கேட்பார் இல்லை. அவர் பழைய கதவுக்குக் கீல் மாற்றிக்கொண்டும், கட்டிலுக்குக் கால் போட்டுக்கொண்டும் இருந்தார். அவரிடம் போய், “ஐயா, பன்னிரண்டடி பாலம் போடணும். ஆனா எங்கிட்ட இருக்கிறது எல்லாம் நாலடி, அஞ்சடித் துண்டுதான்” என்றேன்.

அவர் சிரித்தார். “ஏம்மா, வண்டிச் சக்கரத்தை ஒரே மரத்துலயா செய்றோம்? பாலம்னா என்ன, பெரிய சக்கரத்துல ஒரு துண்டு. அவ்ளோதான். வட்டை போட்டுடலாம்” என்றார்.

வட்டை என்பது என்ன?

கட்டை வண்டிச் சக்கரத்தைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். நடுவில் குடம், அதிலிருந்து 12 ஆரக்கால், அவற்றின் தலையில் வளைவான ஆறு மரத்துண்டுகள். அந்த வளைவுத் துண்டுதான் வட்டை. ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால். மரத்தைச் சூடு காட்டி வளைப்பதில்லை. குட்டையான துண்டில் வளைவை வரைந்து அறுத்தெடுக்கிறார்கள். துண்டு குட்டையாக இருப்பதால் மரத்தின் ரேகை அதிகம் வெட்டுப்படாது. ரேகை வெட்டுப்படாத வரை மரத்துக்குப் பலம் குறையாது. நீளமான நேர்ப்பலகையில் பன்னிரண்டடி வளைவை அறுத்தால் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு, ஒருநாள் அந்த இடத்தில் பிளக்கும். கலப்பைக்கு இயற்கையாக வளைந்த கிளையைத் தேடிப் பிடித்தார்களே, அதற்கும் காரணம் இதுதான்.

வளைந்த மரவேலை நம் மண்ணுக்குப் புதிதல்ல. மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் பீம ரதத்தின் கூரையைக் கூண்டு வண்டியின் கூண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திரௌபதி ரதம் அப்படியே ஒரு கூரை வீடு. 7-ஆம் நூற்றாண்டில் மரத்திலும் ஓலையிலும் கட்டிய கூரைகளைப் பார்த்துத்தான் சிற்பிகள் கல்லில் செதுக்கினார்கள். மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் இந்தக் கோயிலை எடுத்ததாகப் பெருமையோடு சொல்கிறது. அதற்கு முன்பு மரமும் செங்கலும்தான் வழக்கம் என்று அதிலிருந்தே தெரிகிறது. மரம் மக்கிவிட்டது, கல் நிற்கிறது.

குட்டைத் துண்டுகளைக் கொண்டு பெரிய வளைவு செய்வதை வெளிநாட்டிலும் செய்திருக்கிறார்கள். பிரான்சில் பிலிபெர் த லோர்ம் என்ற கட்டடக் கலைஞர், நீண்ட மரம் கிடைக்காத ஊரில் சிறு பலகைகளை அடுக்கி வளைவுக் கூரை போடும் முறையை 1561-இல் புத்தகமாகவே எழுதினார். ஜப்பானில் இவாகுனி ஊரில் கிந்தாய்க்யோ என்ற ஐந்து வளைவு மரப்பாலம் 1673-இல் கட்டப்பட்டது. மறு வருஷமே வெள்ளம் அடித்துப் போனது. உடனே திரும்பக் கட்டினார்கள். அதன் நடு வளைவு ஒவ்வொன்றும் சுமார் 35 மீட்டர். அத்தனை நீள மரம் எங்கும் கிடைக்காது. ஒன்றின் மேல் ஒன்று தள்ளித் தள்ளி அடுக்கிய கட்டைகள்தான் அந்த வளைவைத் தாங்குகின்றன. 1950 புயல் வெள்ளத்தில் அது மறுபடி போனது. 1953-இல் கட்டினார்கள். 2001 முதல் 2004 வரை வளைவுகளை மறுபடி புதிதாகச் செய்தார்கள். மரத்தைவிட, செய்யத் தெரிந்த கைகளை அவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பாலத்தின் அளவு

நீளம்: தண்ணீர் எட்டடி. கரை விளிம்பிலிருந்து இரண்டிரண்டு அடி தள்ளித்தான் முனை உட்கார வேண்டும், விளிம்பு மண் சரியும். ஆக 12 அடி.

உயரம்: நடுவில் ஒன்பது அங்குலம், அதாவது நீளத்தில் பதினாறில் ஒரு பங்கு. படத்தில் பார்க்கிற பாலம் போல உயர்த்தினால் அழகாக இருக்கும், பால் கேனோடு ஏறும் முதியவருக்கு ஆகாது. பதினாறில் ஒரு பங்கு வைத்தால் முனையில்கூட நாலடிக்கு ஒரு அடிதான் ஏற்றம்.

வளைவை வரைவது: பாதி நீளம் ஆறடி. அதை அதனாலேயே பெருக்கினால் 36. நடு உயரம் முக்கால் அடி, அதன் இரட்டிப்பு ஒன்றரை அடி. 36-ஐ ஒன்றரையால் வகுத்தால் 24. அதோடு நடு உயரத்தில் பாதி, நாலரை அங்குலத்தைக் கூட்டுங்கள். 24 அடி நாலரை அங்குலம். களத்தில் ஒரு முளை அடித்து, இந்த நீளத்துக்குக் கயிறு கட்டிச் சுண்ணாம்பால் கோடு இழுத்தால் பாலத்தின் அடி வளைவு வந்துவிடும். ஏழு அங்குலம் கூட்டி இன்னொரு கோடு இழுத்தால் மேல் வளைவு. கயிறு நீளாத கயிறாக இருக்கட்டும். நாங்கள் கட்டுக்கம்பி வைத்தோம்.

உத்திரம்: இரண்டு உத்திரம், நடுவில் இரண்டடி இடைவெளி. இரண்டும் வேம்பு. ஒவ்வொன்றும் மூன்று அடுக்கு, இழைத்த பிறகு ஒரு அடுக்கு ஒன்றேகால் அங்குலக் கனம். நாலடித் துண்டில் வளைவு ஒரு அங்குலம்தான் வரும். எட்டு அங்குல அகலப் பலகையில் ஏழு அங்குல வட்டை கிடைத்துவிடும். முதல் அடுக்குக்கு நாலடியில் மூன்று துண்டு. மற்ற இரண்டு அடுக்குக்கும் நான்கு நான்கு துண்டு, அவற்றில் ஓரத் துண்டுகள் குட்டை. ஒரு உத்திரத்துக்கு 11, இரண்டுக்கும் 22.

முக்கியமான விதி: ஒரு அடுக்கில் இணைப்பு வரும் இடத்தில் மற்ற இரண்டு அடுக்கும் முழுசாக இருக்க வேண்டும். அதற்காக இணைப்புகளை அடுக்குக்கு 16 அங்குலம் தள்ளி வைத்தார் பெரியவர். துண்டுகளின் முனையை முளையிலிருந்து இழுத்த கயிறு காட்டும் கோட்டிலேயே அறுத்தார். சக்கரத்தில் ஆரக்கால் போகும் திசை அது. அப்படி அறுத்தால்தான் ஒன்றோடொன்று முட்டி நிற்கும். ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் அரை அங்குல போல்ட், இரு புறமும் அகல வாஷர். துத்தநாகம் பூசிய போல்ட்டாக வாங்குங்கள், வெறும் இரும்பு மழையில் துருவேறி மரத்தையும் கறுப்பாக்கும்.

நடைப்பலகை: பூவரசு. நாலு அங்குல அகலம், மூன்றேகால் அடி நீளம், பலகைக்குப் பலகை அரை அங்குல இடைவெளி. 33 பலகை பிடித்தது. இடைவெளி விடாவிட்டால் தண்ணீர் நிற்கும், பாசி பிடிக்கும். ஏற்றம் கூடிய இரண்டு முனையிலும் அடிக்கு ஒரு மெல்லிய சட்டம் ஆணி அடித்திருக்கிறோம், கால் வழுக்காமல் பிடிக்க.

முனையைப் பிடிப்பதுதான் வேலையில் பாதி

ஒரு வில்லைத் தரையில் கவிழ்த்து நடுவில் அழுத்திப் பாருங்கள். இரண்டு நுனியும் வெளியே ஓடும். வளைவுப் பாலமும் சுமை ஏறினால் அப்படித்தான் கரையை வெளியே தள்ளும். அதனால் இரண்டு கரையிலும் இரண்டரை அடி ஆழம் தோண்டி, கருங்கல்லும் சிமெண்டும் போட்டு, நாலடி அகலத்துக்குத் திண்டு கட்டினோம். திண்டின் பின்பக்கம் முழங்கைபோல மடித்த கால் அங்குல இரும்புத் தகடு பதித்தோம். உத்திரத்தின் முனை அதில் முட்டி நிற்கிறது. இரண்டு உத்திரமும் பக்கவாட்டில் சாயாமல் நாலு குறுக்குச் சட்டமும் கொடுத்தோம்.

திண்டு தரையைவிட அரை அடி உயரம். மரம் எங்கேயும் மண்ணைத் தொடக்கூடாது. தொட்டால் கறையான் ஏறும், வேம்பானாலும் ஈரத்தில் மக்கும்.

மூன்று அடுக்கு என்றால் நடுவில் தண்ணீர் இறங்குமே என்று எனக்குக் கவலை. பழைய டிராக்டர் டியூபை நீளமாக வெட்டி, உத்திரத்தின் தலையில் தொப்பிபோல வைத்து, அதன் மேல் நடைப்பலகையை அடித்தோம். காசில்லாத வேலை, ஆனால் இந்தப் பாலத்தின் ஆயுளுக்கு அதுதான் பெரிய காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

கடற்கரைப் பக்கம் படகுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெயும் மீன் எண்ணெயும் பூசுவார்கள். முந்திரிக்கொட்டை எண்ணெய் கை பட்டால் புண்ணாக்கும், உறை போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் ஆளிவிதை எண்ணெயை மூன்று கை பூசினோம். குட்டையில் மீன் விட்டிருப்பவர்கள் டிராக்டரில் வடித்த பழைய ஆயிலை மட்டும் பூச வேண்டாம். ஒவ்வொரு மழைக்கும் அது தண்ணீரில் இறங்கும்.

ஆட்கள் ஏறுவதற்கு முன் 50 கிலோ தீவன மூட்டை ஆறு எடுத்து நடுவில் ஒரு ராத்திரி வைத்தோம். அடியில் கட்டிய நூலை வைத்துப் பார்த்ததில் கால் அங்குலத்துக்குள்தான் இறங்கியது. மூட்டையை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் அத்தையை ஏறச் சொன்னோம். முதல் நாள் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒரு வாரத்தில் ஒரு கையில் கேன் வந்துவிட்டது. மாடு மூன்றும் நின்றன. இப்போது ஐந்து இருக்கின்றன.

செலவுக் கணக்கு (2018): மரம் அறுவை 3,200. பெரியவருக்கும் உதவியாளுக்கும் ஆறு நாள் கூலி 9,000. போல்ட், ஆணி 2,600. கல், சிமெண்ட், இரும்புத் தகடு, கொத்தனார் 5,500. எண்ணெய் 700. மொத்தம் 21,000 ரூபாய். மரம் வாங்குவதானால் அது தனி.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் குட்டை நிரம்பிக் கரை வழிந்தது. இரண்டு நாள் பாலத்தின் இரு முனையும் தண்ணீரில் இருந்தன. வாய்க்காலில் வந்த வெங்காயத்தாமரையும் முள் கிளையும் நடு வளைவுக்கு அடியில் நுழைந்து போய்விட்டன. தட்டையான பலகையாக இருந்தால் அத்தனையும் முட்டித் தேங்கி, பாலத்தையே தள்ளியிருக்கும். வளைவு அழகுக்கு மட்டுமல்ல என்பதை அன்றைக்கு எல்லோரும் பார்த்தோம்.

வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மாடு போகுமா?
போகக்கூடாது. குளம்பு இடைவெளியில் மாட்டும். இது ஆளுக்கும் ஆட்டுக்கும் மட்டும். மாட்டுக்கு வரப்பு வழிதான்.

எத்தனை வருஷம் வரும்?
ஏழு வருஷம் ஆகிறது. இதுவரை நடைப்பலகை நாலு மாற்றியிருக்கிறோம், உத்திரம் அப்படியே இருக்கிறது. மரத்தின் முனையில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். இறங்காவிட்டால் நல்ல மரம்.

சொந்த மரம் இல்லையே?
பழைய வீடு இடிக்கும் இடத்தில் உத்திரம், சட்டம் கிடைக்கும். நன்றாகக் காய்ந்த மரம். நாலடித் துண்டு போதும் என்பதால் மில்லில் கழித்த துண்டையும் கேட்டுப் பாருங்கள். வெட்டுவது, ஏற்றிப் போவது எதுவானாலும் கிராம நிர்வாக அலுவலரையும் வனத்துறையையும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பழையபடி பனையே போடலாமே?
விழுந்த பனை இருந்தால் அதன் வயிரத்தைச் சட்டமாக்கலாம். நிற்கிற பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்திருக்கிறார்கள். அது நம் மாநில மரம். இருக்கிற பனை இருக்கட்டும்.

இருபது, இருபத்தைந்து அடிக்கு இதே அளவில் போடலாமா?
கூடாது. நீளம் இரட்டித்தால் உத்திரம் அதைவிட அதிகமாகக் கனக்க வேண்டும். பதினைந்து அடிக்கு மேல் போனால் பொறியாளரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களே?
கைப்பிடி மூன்றடி உயரம், இரண்டு பக்கமும் வேண்டும். நடுக் கம்புகளுக்கு இடையே நாலு அங்குலத்துக்கு மேல் சந்து விடாதீர்கள். பாலம் போட்டால் பிள்ளைகள் அங்கேதான் நிற்பார்கள். குட்டையைச் சுற்றி வேலி, கரை சரிவில் பிடித்து ஏற ஒரு கயிறு, இரண்டும் இல்லாமல் பாலம் வேண்டாம்.

வட்டை போடத் தெரிந்தவரை எங்கே தேடுவது?
உங்கள் ஊரிலேயே கேளுங்கள். எழுபது வயதுக்கு மேற்பட்ட ஆசாரி ஒருவராவது பக்கத்து ஊர்களில் இருப்பார். எங்கள் பெரியவரோடு உதவிக்கு வந்தவர் அவருடைய பேரன், கார் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்ப்பவர், லீவு போட்டுவிட்டு வந்தார். களத்தில் கயிறு பிடித்து வளைவு வரைந்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்ததாகச் சொன்னார். போன தை மாதம் பக்கத்து ஊரில் ஒரு வாய்க்காலுக்கு அவரே தனியாக ஒரு பாலம் போட்டுக் கொடுத்திருக்கிறார். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம்.

பராமரிப்பு என்ன?
ஆடியில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை எல்லா நட்டையும் முடுக்குங்கள். மழைக்கு முன் எண்ணெய் ஒரு கை. பாசி தெரிந்தால் தேங்காய் நாரால் அன்றைக்கே தேய்த்துவிடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்.